26 கணினிகளில் கூடா மென்பொருளைத் தானாக நிறுவும் ஸ்கிரிப்ட்: "முடிந்தது" என்கிறது, ஆனால் முடியவில்லை

கணிக்கூடம்26 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. மொத்தம் 26 கணினிகள். இருபதில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 வரைகலை அட்டையும் மீதி ஆறில் பழைய ஜிடிஎக்ஸ் 1080 அட்டையும் உள்ளன. எல்லாவற்றிலும் உபுண்டு 22.04 இயங்குதளம் ஓடுகிறது என்றாலும் அவை ஒரே நாளில் ஒரே கையால் நிறுவப்பட்டவை அல்ல. சிலவற்றில் சர்வர் பதிப்பு, சிலவற்றில் டெஸ்க்டாப் பதிப்பு. எனக்கு முன்பிருந்தவர் எதற்கு எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்குக் குறிப்பு ஏதும் இல்லை. அடுத்த பருவத்தில் இணைநிலைக் கணிப்புக்கான செய்முறை வகுப்பு தொடங்குவதால் அனைத்திலும், வரைகலை அட்டையிலேயே கணக்கீடுகளை ஓட்ட உதவும் என்விடியாவின் கூடா மென்பொருளை நிறுவ வேண்டியுள்ளது. ஒவ்வொன்றின் முன்னும் உட்கார நேரமில்லாததால் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதினேன்.

அது செய்வது இதுதான்: 12.4.0 பதிப்பின் ரன்ஃபைலை, அதாவது கூடாவின் கம்பைலரும் நூலகங்களும் அடங்கிய டூல்கிட்டையும், அட்டையை இயக்கும் 550.54.14 டிரைவரையும் தன்னுள் கொண்ட, நான்கு ஜிகாபைட்டைத் தாண்டும் அந்த ஒற்றைக் கோப்பை, ஆய்வகச் சர்வரில் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்கிறது. கணினிகளின் பட்டியலை வரிவரியாகப் படித்து ஒவ்வொன்றுக்குள்ளும் எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக நுழைகிறது. கம்பைலர் முதலிய தேவைகளை, உபுண்டுவின் பொதி நிறுவியான ஆப்ட்-கெட் மூலம் நிறுவிவிட்டு, 'சைலண்ட்', 'டிரைவர்', 'டூல்கிட்' ஆகிய மூன்று விருப்பங்களுடன் ரன்ஃபைலை ஓட்டுகிறது. வெளியீடு முழுவதும் குழாய் வழியாக 'டீ' கட்டளைக்குச் சென்று பதிவுக் கோப்பில் சேர்கிறது. நிறுவல் வெற்றியடைந்தால் மட்டுமே "முடிந்தது" என்று அச்சிடுமாறு நிபந்தனையும் வைத்திருக்கிறேன். ஏற்கெனவே உபுண்டுவின் 535 டிரைவர் இருந்த ஆறு கணினிகளில் மட்டும் 'டிரைவர்' விருப்பத்தை நீக்கிவிட்டு டூல்கிட்டை மட்டும் ஏற்றினேன்.

26 கணினிகளும் "முடிந்தது" என்றன. உண்மையில் 11 மட்டுமே சரியாக இயங்குகின்றன. ஒன்பதில், டிரைவரோடு வந்து அட்டையின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ என்ற கட்டளையே இல்லை. டூல்கிட் மட்டும் ஏற்றிய ஆறில் கூடா கம்பைலரான என்விசிசி பிழையின்றிக் கம்பைல் செய்கிறது. ஆனால் இரண்டு எண் வரிசைகளைக் கூட்டும் மாதிரி நிரலை ஓட்டினால் விடை முழுவதும் சுழியமாக வருகிறது, பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. போதாக்குறைக்கு அந்த ஆறில் இரண்டு, ஒரு வாரம் கழித்து, யாரும் தொடாமலே, டிரைவரின் பதிப்பும் நூலகத்தின் பதிப்பும் பொருந்தவில்லை என்று சொல்லத் தொடங்கிவிட்டன.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. பட்டியலைப் படிக்கும் சுழற்சி முதல் கணினியோடு நின்றுவிட்டதால் 26 வரிகளைக் கையால் எழுதினேன். ஆப்ட்-கெட் நடுவில் ஊதாத் திரையைக் காட்டி, எந்தச் சேவைகளை மறுதொடக்கம் செய்யலாம் என்று கேட்டுக் காத்திருக்கிறது. நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளைக்கு முன்னால், கேள்வி கேட்காதே என்று சொல்லும் 'நான்-இன்டராக்டிவ்' மாறியை வைத்தும் கேட்கிறது. கணினியின் முன் அமர்ந்தால் கிடைக்கும் என்விசிசி, எஸ்எஸ்ஹெச் வழியாகக் கட்டளை அனுப்பினால் கிடைப்பதில்லை. பெயரிலேயே 'கூடா' என்று எச்சரித்திருக்கிறார்களே, பிறகும் ஏன் தொட்டீர்கள் என்று உடன் பணியாற்றுபவர் கேலி செய்கிறார். எங்கே தவறுகிறேன் என்று சொல்ல வேண்டுகிறேன்.

முனையவாசி எழுதியது:

நண்பரே, முதலில் அந்த "முடிந்தது" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் மற்ற எல்லாவற்றையும் உங்கள் கண்ணிலிருந்து மறைத்தது அதுதான். குழாயால் இணைக்கப்பட்ட கட்டளைகளில் பாஷ் இயல்பாகக் கடைசிக் கட்டளையின் முடிவுநிலையை மட்டுமே எடுத்துக்கொள்ளும். உங்கள் நிபந்தனை பார்த்தது ரன்ஃபைலின் வெற்றியை அன்று, 'டீ'யின் வெற்றியை. பதிவுக் கோப்பில் எழுத முடிந்தவரை 'டீ' எப்போதும் வெற்றிதான். ஸ்கிரிப்டின் தலையில் 'பைப்ஃபெயில்' அமைப்பை இயக்கியிருந்தால் ஒன்பது கணினிகள் அன்றே கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கும்.

அந்த ஒன்பதில் என்ன நடந்தது என்பதற்கு ஊகம் தேவையில்லை. 'வார்' அடைவின் 'லாக்' உள்ளடைவில் கூடா-இன்ஸ்டாலர், என்விடியா-இன்ஸ்டாலர் என்ற பெயர்களில் இரண்டு பதிவுக் கோப்புகள் இருக்கும். இரண்டாவதன் கடைசி நாற்பது வரிகளையும், ஒவ்வொரு கணினியிலும் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் பதிப்பையும், நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்க விடும் செக்யூர் பூட் பாதுகாப்பின் நிலையாக 'மோக்யூடில்' கட்டளை காட்டுவதையும் தொகுத்து இங்கே சொல்லுங்கள். டிரைவரில் கெர்னலோடு இணையும் பகுதியான கெர்னல் தொகுதி ஏறாவிட்டால் நிறுவி தான் வைத்ததையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு வெளியேறிவிடும். என்விடியா-எஸ்எம்ஐ காணாமற்போனதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சுழியங்கள் வரும் ஆறு கணினிகள்தான் எனக்கு மிகவும் சுவையானவை. அங்கே டிரைவர் 535, டூல்கிட் 12.4. கூடாவின் 12ஆம் தலைமுறை டூல்கிட் எதுவாயினும் 525.60.13 அல்லது அதற்குப் பிந்தைய டிரைவரோடு ஒத்துப்போகும் என்று என்விடியாவின் ஆவணம் சொல்வதால், இது செல்லுபடியாகும் கூட்டணி போலத்தான் தெரியும். ஆனால் அந்த ஒத்திசைவில் ஒரு விலக்கு இருக்கிறது: பிடிஎக்ஸ் எனப்படும் இடைநிலை மொழியை ஓட்டநேரத்தில் அட்டைக்கான இயந்திர மொழியாக மாற்றும் வேலைக்கு அது பொருந்தாது. 12ஆம் தலைமுறை என்விசிசிக்கு எந்த அட்டை என்று நீங்கள் சொல்லாவிட்டால், அது கணிப்புத் திறன் 5.2 உள்ள அட்டைக்கான இயந்திர மொழியையும் அதற்கான பிடிஎக்ஸையும் மட்டுமே கோப்பில் வைக்கும். உங்கள் 1080இன் திறன் 6.1, 3060இன் திறன் 8.6, முதலெண்ணே வேறு என்பதால் அந்த இயந்திர மொழி இரண்டிலும் ஓடாது, எனவே டிரைவர் பிடிஎக்ஸை எடுத்து மாற்ற முயலும். 535 டிரைவர் 12.2 காலத்தது, 12.4 எழுதிய பிடிஎக்ஸ் அதற்குப் புரியாது. கூட்டலைச் செய்யும் சார்பு அட்டையில் தொடங்கவே இல்லை. நிரல் அதைச் சரிபார்க்காமல் நினைவகத்தில் கிடந்ததை விடை என்று அச்சிட்டது. மாணவர்களுக்கான மாதிரி நிரல்களில் பிழைச் சரிபார்ப்பை விட்டுவிடும் வழக்கத்தை யார் தொடங்கினார்களோ, அவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

மருந்து இரண்டு. கம்பைல் செய்யும்போது 6.1, 8.6 என்று அட்டையின் திறனை வெளிப்படையாகச் சொல்வது ஒன்று. டிரைவரின் காலத்துக்கு ஒத்த டூல்கிட்டை, அதாவது 535க்கு 12.2ஐ, வைப்பது மற்றொன்று. ஆய்வகத்துக்கு இரண்டாவதே நல்லது, மாணவர்கள் விருப்பத்தைச் சேர்க்க மறப்பார்கள்.

சில்லறைத் தொல்லைகளை வேகமாக முடித்துவிடுகிறேன். சுழற்சி நின்றதற்குக் காரணம், எஸ்எஸ்ஹெச் தானும் உள்ளீட்டைப் படிப்பதால் பட்டியலின் மீதி 25 வரிகளையும் முதல் கணினியே விழுங்கிவிட்டது. 'என்' என்ற ஓரெழுத்து விருப்பம் அதன் வாயை மூடும், ஆனால் அதன்பின் சூடோ கடவுச்சொல்லைத் தட்டச்சிட முடியாது என்பதால் நிர்வாகக் கணக்குக்குக் கடவுச்சொல் கேட்காத சூடோ உரிமை தேவைப்படும். சூடோ தனக்கு முன்னால் வைக்கப்படும் சூழல் மாறிகளைப் பெரும்பாலும் உதறிவிட்டுத்தான் உள்ளே போகும். 'நான்-இன்டராக்டிவ்' மாறியைச் சூடோவுக்குப் பின்னால், ஆப்ட்-கெட்டுக்கு முன்னால் எழுதுங்கள். மறுதொடக்கக் கேள்வியைக் கேட்கும் நீட்ரீஸ்டார்ட் கருவிக்கென இருக்கும் மாறியையும் அதே இடத்தில் 'ஏ' என்று அமையுங்கள், ஊதாத் திரை மறையும். என்விசிசியைப் பொறுத்தவரை, பாஷின் தொடக்க அமைப்புகளைக் கொண்ட, உபுண்டுவின் பாஷ்ஆர்சி கோப்பு ஊடாட்டமற்ற அமர்வு என்று தெரிந்தவுடன் முதல் சில வரிகளிலேயே திரும்பிவிடும். நீங்கள் அதன் கடைசியில் சேர்த்திருக்கும் என்விசிசி பாதை படிக்கப்படுவதே இல்லை. ஸ்கிரிப்டுக்குள் முழுப் பாதையைச் சொல்லி அழைப்பதே என் வழக்கம்.

இனி பெரிய விஷயம். டிரைவரையும் டூல்கிட்டையும் ஒரே நிறுவலாகப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். டிரைவர் கெர்னலோடு பிணைந்தது, மறுதொடக்கம் கேட்பது, கணினிக்கு ஒன்றுதான் இருக்க முடியும். டூல்கிட் வெறும் கோப்புகள். ஒரே கணினியில் மூன்று பதிப்புகளை அருகருகே வைத்தாலும் சண்டையிடாது. ரன்ஃபைல் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டித் தருவதால்தான் இந்த வேறுபாடு நம் கண்ணுக்குத் தெரியாமற்போகிறது. ஆப்ட் நிறுவிய டிரைவரின் மேல் ரன்ஃபைலின் டிரைவரை ஏற்றினால் ஒன்றின் நூலகக் கோப்புகளை மற்றொன்று மேலெழுதிவிடும், பொதிகளின் கணக்கை வைத்திருக்கும் டிபிகேஜிக்குச் செய்தியே போகாது. உங்கள் நண்பரின் கேலிக்கு உண்மையான பொருள் அங்கேதான் இருக்கிறது, அது கூடா நட்பு. அந்த ஆறு கணினிகளில் டிரைவரைத் தவிர்த்தது நீங்கள் எடுத்த நல்ல முடிவு.

கணிக்கூடம்26 எழுதியது:

முனையவாசி ஐயா, மிக்க நன்றி. கேட்டவற்றைத் தொகுத்தேன்.

ஒன்பதில் ஐந்து கணினிகளின் பதிவில், தொகுதி கம்பைல் ஆகிவிட்டது, ஆனால் கெர்னலில் ஏற்ற முடியவில்லை என்று இருக்கிறது. அந்த ஐந்திலும் செக்யூர் பூட் இயங்குநிலையில் உள்ளது, கெர்னல் 5.15. மீதி நான்கிலும் செக்யூர் பூட் இல்லை, கெர்னல் 6.8, அவற்றில் கம்பைலே தோற்றிருக்கிறது. தானியங்கி மாறிகளைச் சுழியத்தால் நிரப்பச் சொல்லும் ஒரு விருப்பத்தைத் தனக்குத் தெரியாது என்று சி கம்பைலரான ஜிசிசி மறுத்திருக்கிறது. நான் அந்த விருப்பத்தை எங்கும் எழுதவில்லை.

எனக்குப் புரியாத இன்னொன்றும் உண்டு. டிரைவர் முன்பே இருந்த ஆறு கணினிகளிலும் கெர்னல் 6.8தான், அவற்றில் மூன்றில் செக்யூர் பூட்டும் இயங்குகிறது. அங்கு மட்டும் டிரைவர் எப்படி ஏறியது?

சாவிக்கொத்து எழுதியது:

உங்கள் கடைசிக் கேள்வியிலேயே மற்ற இரண்டுக்கும் விடை இருக்கிறது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த ஆறிலும் உபுண்டுவை நிறுவும்போது பிறர் மென்பொருளையும் சேர்த்துக்கொள் என்ற கட்டத்தில் குறியிட்டிருப்பார்கள். அப்படிச் செய்தால் உபுண்டு, டிரைவரின் கெர்னல் தொகுதியை உங்கள் கணினியில் கம்பைல் செய்வதில்லை. தன் பக்கத்திலேயே ஒவ்வொரு கெர்னலுக்கும் கட்டி, உபுண்டுவை வெளியிடும் கனானிகல் நிறுவனத்தின் சாவியால் கையொப்பமிட்டு வைத்திருக்கும் தொகுதியைப் பொதியாக இறக்கும். அந்தச் சாவியைக் கணினியின் துவக்க நிரல் ஏற்கெனவே நம்புகிறது. எனவே அங்கே கம்பைலருக்கும் வேலையில்லை, செக்யூர் பூட்டுக்கும் மறுப்பில்லை. 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா' என்று தொடங்கி, டிரைவர் எண்ணையும் கெர்னல் வகையையும் பின்னொட்டாகக் கொண்ட பொதிகளைத் தேடிப் பாருங்கள்.

நான்கு கணினிகளின் கதை: 22.04இன் இயல்பான ஜிசிசி 11ஆம் பதிப்பு. ஆனால் டெஸ்க்டாப் பதிப்பு காலப்போக்கில் பெற்றுக்கொண்ட 6.8 கெர்னலை ஜிசிசி 12ஆல் கட்டியிருக்கிறார்கள். தொகுதியைக் கட்டும்போது கெர்னலின் அமைப்புக் கோப்புகளிலிருந்து அதே விருப்பங்கள் வந்துசேரும். நீங்கள் எழுதாத அந்த விருப்பம் அப்படி வந்ததுதான். அது ஜிசிசி 12இல்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது, 11 திகைத்து நிற்கிறது. ஜிசிசி 12ஐ நிறுவி அதைப் பயன்படுத்தச் சொன்னால் இந்த நான்கும் சரியாகிவிடும். ஆனால் கட்டவே வேண்டியிராத ஒன்றைக் கட்டுவதற்குக் கம்பைலர் தேடுவானேன்?

ஐந்து கணினிகளின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தானியக்கத்தின் எல்லை இதில்தான் இருக்கிறது. செக்யூர் பூட் இயங்கும்போது, நம்பகமான சாவியால் கையொப்பமிடப்படாத எந்தத் தொகுதியையும் உபுண்டுவின் கெர்னல் ஏற்காது. உங்கள் கணினியிலேயே ஒரு சாவியை உருவாக்கி, அதனால் கையொப்பமிட்டு, அந்தச் சாவியை நம்பகப் பட்டியலில் சேர்க்கும்படி மோக்யூடில் மூலம் விண்ணப்பிக்கலாம். இதுவரை எல்லாவற்றையும் ஸ்கிரிப்டால் செய்ய முடியும். ஆனால் அடுத்த துவக்கத்தில் ஒரு நீலத் திரை தோன்றி, விசை எதையாவது அழுத்துமாறு பத்து நொடிகள் காத்திருக்கும். அழுத்தினால் விண்ணப்பத்தின்போது கொடுத்த கடவுச்சொல்லைக் கேட்கும், அழுத்தாவிட்டால் சாவியைச் சேர்க்காமலே துவங்கிவிடும். அந்த நேரத்தில் எஸ்எஸ்ஹெச் இல்லை, இயங்குதளமே இல்லை. கணினியின் முன் ஒரு மனிதர் நேரில் இருக்கிறார் என்பதை உறுதிசெய்யத்தான் அந்தத் திரையே வைக்கப்பட்டது, ஆகவே அதைக் குறுக்குவழியில் தாண்ட முயலும் ஸ்கிரிப்டுகளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஐந்து கணினிகள்தானே என்று விசைப்பலகையோடு நடந்துவிடலாம், அல்லது பயாஸில் செக்யூர் பூட்டை நிறுத்தலாம். அதற்கும் நடக்கத்தான் வேண்டும். கையொப்பமிட்ட பொதியை எடுத்துக்கொண்டால் நடையே இல்லை.

முனையவாசி எழுதியது:

சாவிக்கொத்து சொன்னதை முழுமையாக வழிமொழிகிறேன். நல்ல நிலையில் உள்ளவை என்று நீங்கள் கணக்கிட்ட 11 கணினிகளும் அப்படியே நீடிக்கும் என்று எண்ண வேண்டாம். ரன்ஃபைல் கட்டிய தொகுதி அன்றைய கெர்னலுக்கானது. அடுத்த கெர்னல் புதுப்பிப்பு வந்து மறுதொடக்கம் ஆனதும் அது தானாக மீண்டும் கட்டப்படும் என்பதற்கு அங்கே உத்தரவாதம் இல்லை. எனவே 26ஐயும் ஒரே வழிக்குக் கொண்டுவாருங்கள். ரன்ஃபைலோடு வந்த கூடா-அன்இன்ஸ்டாலர், என்விடியா-அன்இன்ஸ்டால் ஆகிய இரண்டையும் சைலண்ட் விருப்பத்துடன் ஓட்டிப் பழையதைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

டிரைவரை உபுண்டுவிடமிருந்தும் டூல்கிட்டை என்விடியாவின் ஆப்ட் களஞ்சியத்திலிருந்தும் எடுப்பதென்று முடிவுசெய்தால், ஒரு கண்ணியைத் தாண்ட வேண்டும். அந்தக் களஞ்சியத்தை இணைக்கும்போது கூடவே வரும் முன்னுரிமைக் கோப்பு, அதற்கு 600 மதிப்பெண் தருகிறது. உபுண்டுவின் களஞ்சியங்களுக்கு இயல்பாக 500. ஆகவே டூல்கிட்டுக்காக மட்டும் என்விடியாவை இணைத்தீர்கள் என்றாலும், அடுத்த மேம்படுத்தலில் டிரைவரும் அங்கிருந்து வந்து இறங்க முயலும். என்விடியா, லிப்என்விடியா, கூடா-டிரைவர்ஸ் என்று தொடங்கும் பொதிகளுக்கு, அந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தால் எதிர்ம மதிப்பெண் என்று உங்கள் சொந்த முன்னுரிமைக் கோப்பு ஒன்றை எழுதிவிடுங்கள். டூல்கிட்டின் பொதிகள் இந்தப் பெயர்களில் தொடங்குவதில்லை, அவற்றுக்குத் தொந்தரவில்லை.

பதிப்பெண் இல்லாத வெறும் 'கூடா' என்ற பொதியை ஸ்கிரிப்டில் ஒருபோதும் எழுதாதீர்கள். அது களஞ்சியத்தில் உள்ள ஆகப் புதியதையும், கூடவே டிரைவரையும் இழுத்துவரும். கூடா 13 தலைமுறை, மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா ஆகிய பழைய குடும்பங்களின் அட்டைகளுக்குக் கம்பைல் செய்வதைக் கைவிட்டுவிட்டது. டிரைவரிலும் அவற்றுக்கு 580 வரிசையே கடைசி. உங்கள் 1080கள் பாஸ்கல் குடும்பம். அதே போல, 'ஓப்பன்' என்ற பெயர் தாங்கிய திறந்தமூலக் கெர்னல் தொகுதிகளை என்விடியா 2022இல் வெளியிட்டது; அவை டூரிங் குடும்பத்துக்கும் அதற்குப் பிந்தைய அட்டைகளுக்கும்தான். 3060இல் ஓடும், 1080இல் ஓடாது. இணையத்தில் கிடைக்கும் புதிய ஸ்கிரிப்டுகள் பல ஓப்பன் தொகுதியையே எடுப்பதால் வெட்டி ஒட்டும்போது கவனம் தேவை. பதிப்பெண்ணைச் சேர்த்து 'கூடா-டூல்கிட்-12-2' என்று எழுதினால் டிரைவரை அது தொடாது.

களஞ்சியச் சாவிக்கும் ஒரு சொல். 2022 ஏப்ரல் 27 அன்று என்விடியா தன் களஞ்சியங்களின் கையொப்பச் சாவியை மாற்றியது. பழைய சாவியை நேரடியாக இறக்கும் வரியைக் கொண்டிருந்த என் ஸ்கிரிப்டுகள் மறுநாள் காலை வரிசையாக விழுந்தன. தவறு என்னுடையதே, சாவியை ஒரு மாறாத வரியாகப் புதைத்து வைத்திருந்தேன். இப்போது 'கூடா-கீரிங்' என்ற பொதியாகவே சாவி கிடைக்கிறது, அதையே நிறுவுங்கள்.

இரண்டு கணினிகள் தாமாகவே முறையிடத் தொடங்கியதற்கு வருவோம். அவற்றில் தானாகப் புதுப்பிக்கும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் சேவை இயங்கிக்கொண்டிருந்திருக்கும். அது இரவில் டிரைவரின் நூலகங்களை வட்டில் புதுப்பித்தது. நினைவகத்தில் ஏறியிருந்த தொகுதியோ பழையது. மறுதொடக்கம் செய்தால் உடனே சரியாகும். மீண்டும் நேராமல் இருக்க டிரைவர் பொதிகளை 'ஹோல்ட்' செய்ய, அதாவது புதுப்பிக்காமல் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் கெர்னலையும் சேர்த்து நிறுத்துங்கள்: கையொப்பமிட்ட தொகுதி கெர்னலுக்குக் கெர்னல் தனிப் பொதி என்பதால், டிரைவரை நிறுத்திவிட்டுக் கெர்னலை ஓடவிட்டால் புதிய கெர்னலுக்குத் தொகுதி இல்லாமல் போய்விடும். இரண்டும் சேர்ந்து நிற்கட்டும், விடுமுறை நாளில் சேர்ந்து நகரட்டும்.

நிரல்நெசவாளர் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. 26 கணினிகளிலும் டூல்கிட் தேவைதானா என்று யாரும் கேட்கவில்லை. மாணவர்கள் பைடார்ச் போன்ற இயந்திரக் கற்றல் நூலகங்களில் மாதிரிகளைப் பயிற்றுவிப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள் என்றால், பைத்தானின் பிப் கருவி மூலம் வரும் பொதிகள் தமக்குத் தேவையான கூடா நூலகங்களைத் தாமே சுமந்து வருகின்றன. கணினியில் டிரைவர் ஒன்று இருந்தால் போதும். கன்டெய்னர்களிலும் இதே கதைதான். சொந்தமாகக் கூடா சி நிரல் எழுதிக் கம்பைல் செய்பவர்களுக்கே டூல்கிட் வேண்டும். அவர்களுக்கும் முழு மூட்டை வேண்டியதில்லை: கம்பைலர், ஓட்டநேர நூலகத்தின் மேம்பாட்டுப் பொதி, தேவையானால் கியூபிளாஸ் கணித நூலகம் என்று தனித்தனிப் பொதிகளாக எடுத்தால் வட்டிலும் இணைப்பிலும் பெருமளவு மிச்சமாகும்.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. என்விடியா-எஸ்எம்ஐயின் மேல்வலது மூலையில் கூடா பதிப்பு என்று ஓர் எண் இருக்கிறதே, அது நிறுவப்பட்ட டூல்கிட்டின் எண் என்று நம்பி, டூல்கிட் இருப்பதாகவே நினைத்துக்கொள்பவர்கள் பலர். அது அந்த டிரைவர் தாங்கக்கூடிய உச்சப் பதிப்பு மட்டுமே. டூல்கிட் அறவே இல்லாத கணினியிலும் அந்த எண் தெரியும். உங்கள் சரிபார்ப்பு அந்த எண்ணை நம்பினால் மீண்டும் பொய்யான "முடிந்தது" கிடைக்கும்.

கணிக்கூடம்26 எழுதியது:

நிரல்நெசவாளர் கேட்டது நியாயம். பாட ஆசிரியரிடம் விசாரித்தேன்: பாதிப் பருவம் கூடா சி நிரலாக்கம்தான் என்பதால் எல்லாக் கணினிகளுக்கும் கம்பைலர் வேண்டும். ஆனால் முழு டூல்கிட்டைக் கைவிட்டு, நீங்கள் சொன்ன தனிப் பொதிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். பொதிகளை ஒரு கணினியில் இறக்கி ஆய்வகச் சர்வரிலிருந்து பகிர்கிறேன்.

ஸ்கிரிப்ட் இப்போது ஒரே ஓட்டமாக இல்லை. முதற்கட்டம், வன்பொருள் பட்டியலில் என்விடியா அட்டை இருப்பதை உறுதிசெய்து, ரன்ஃபைலின் மிச்சங்களைத் துடைத்து, முன்னுரிமைக் கோப்பை வைத்து, ஓடும் கெர்னல் 5.15ஆ 6.8ஆ என்று பார்த்து அதற்குரிய 535 தொகுதிப் பொதியை நிறுவுகிறது. ஆப்ட்-கெட்டுக்குப் பூட்டுக் காத்திருப்பாக 600 நொடிகள் கொடுத்திருக்கிறேன். காலையில் கணினிகள் துவங்கியவுடன் தினசரிப் புதுப்பிப்பு பூட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது முன்பு என் கண்ணில் படவே இல்லை. பிறகு, நினைவகத்தில் உள்ள டிரைவர் பதிப்பையும் வட்டில் உள்ள தொகுதியின் பதிப்பையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் மட்டும் மறுதொடக்கம். இரண்டாம் கட்டம் கம்பைலர் பொதிகள். மூன்றாம் கட்டம், பிழைச் சரிபார்ப்போடு நான் திருத்தி எழுதிய கூட்டல் நிரலை அட்டைத் திறன் சொல்லாமலே கம்பைல் செய்து ஓட்டி, விடை சரியென்றால் மட்டும் "முடிந்தது". திறன் சொல்லாமல் விட்டது வேண்டுமென்றேதான், மாணவர்களும் அப்படித்தான் செய்வார்கள்.

நேற்று மாலை ஓட்டினேன். 24 கணினிகள் தேறின. செக்யூர் பூட் இருந்த ஐந்தும், ஆறு 1080களும் அவற்றில் அடக்கம். இரண்டு மட்டும் மூன்றாம் கட்டத்தில் டிரைவர் இல்லை என்று நின்றன. ஆனால் நேரில் போய்ப் பார்த்தால் டிரைவர் ஏறியிருக்கிறது, அதே நிரல் சரியாக ஓடுகிறது. மறுதொடக்கத்துக்குப் பின் எஸ்எஸ்ஹெச் பதிலளிக்கும்வரை ஐந்து நொடிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்குமாறு எழுதியிருந்தேன். அதில் என்ன குறை?

முனையவாசி எழுதியது:

அந்த இரண்டும் மெதுவாக அணைந்திருக்கும். மறுதொடக்கக் கட்டளை கொடுத்த ஐந்தாம் நொடியில் கணினி இன்னும் சேவைகளை நிறுத்திக்கொண்டிருக்க, எஸ்எஸ்ஹெச் மட்டும் உயிரோடு இருந்து உங்களுக்குக் கதவைத் திறந்திருக்கிறது. நீங்கள் நுழைந்தது பழைய துவக்கத்துக்குள். 'ப்ராக்' அடைவில் கெர்னலின் ரேண்டம் பகுதிக்குள் 'பூட்-ஐடி' என்ற கோப்பு இருக்கும்; அதன் உள்ளடக்கம் ஒவ்வொரு துவக்கத்துக்கும் மாறும். மறுதொடக்கத்துக்கு முன் அதைப் படித்து வைத்துக்கொண்டு, அது மாறும்வரை காத்திருங்கள்.

கணிக்கூடம்26 எழுதியது:

அதேதான் ஐயா. மாற்றி எழுதி, அந்த இரண்டில் டிரைவரை வேண்டுமென்றே நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன், இரண்டும் தேறின. பிறகு 26 கணினிகளிலும் இன்னொரு முறை முழுவதும் ஓட்டிப் பார்த்தேன்: எதையும் நிறுவவில்லை, எதையும் மறுதொடக்கம் செய்யவில்லை, கூட்டல் நிரலை மட்டும் ஓட்டிவிட்டு நான்கு நிமிடத்தில் திரும்பியது. கெர்னலையும் டிரைவரையும் சேர்த்து நிறுத்திவைத்துவிட்டேன். பருவ விடுமுறையில் விடுவிப்பதற்கான தேதியை ஆய்வகச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன், எனக்குப் பின் வருபவருக்காவது ஒரு குறிப்பு இருக்கட்டும்.